ஃபுல்டன் தெருவில் கார் ஓடினால் கடை ஓடுமா?

2017 அக்டோபர் 21-ஆம் தேதி கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரத்தில் ஃபுல்டன் தெருவைக் கார்களுக்குத் திறந்துவிட்டார்கள். 1964 செப்டம்பர் 1-ஆம் தேதி அதே தெருவைக் கார்களுக்கு மூடி, நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஆக்கியபோதும் விழா எடுத்தார்கள். மூடியதற்குச் சொன்ன காரணமும் திறந்ததற்குச் சொன்ன காரணமும் ஒன்றேதான்: நகர மையத்தில் வியாபாரம் படுத்துக்கொண்டு வருகிறது, ஏதாவது செய்தாக வேண்டும்.

இரண்டு விழாவுக்கும் நடுவே 53 ஆண்டுகள். 1960 கணக்கெடுப்பில் ஃபிரெஸ்னோவில் 1,33,929 பேர் இருந்தார்கள். 2010-ல் 4,94,665 பேர். ஜனத்தொகை மூன்றரை மடங்குக்கு மேல் பெருகிய ஊரில் பிரதான கடைத்தெரு மட்டும் காலியாகிக்கொண்டே போனது. வாங்குகிற கைகள் கூடிக்கொண்டேதான் இருந்தன. வேறு எங்கோ போய் வாங்கின.

இந்தக் கதையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தெருவைப் பார்த்தே எழுதுகிறார்கள்: நடைவீதி நல்லதா, கெட்டதா, கார் வேண்டுமா, வேண்டாமா என்று. என் கணிப்பில், அந்தத் தெருவின் தலையெழுத்து அதைப் பற்றிய கூட்டங்களில் எழுதப்படவே இல்லை. அதற்குச் சில மைல் வடக்கே இருந்த வயல்களையும் தோட்டங்களையும் பற்றி, ஃபுல்டன் தெரு என்ற பெயரே அடிபடாத நாட்களில், கவுன்சிலில் நடந்த வாக்கெடுப்புகளில் எழுதப்பட்டது.

ரயிலோடு பிறந்த ஊர்

ஃபிரெஸ்னோ 1872-ல் சென்ட்ரல் பசிபிக் ரயில்வே போட்ட நிலையத்தைச் சுற்றி முளைத்த ஊர். சான் வாக்கீன் பள்ளத்தாக்கின் நடுவே, திராட்சை உலர்த்தி உலகத்துக்கே அனுப்புகிற மாவட்டத்தின் தலைநகர். 20-ஆம் நூற்றாண்டின் முதல் கால் பகுதியில் கையில் காசு புரண்டது ஃபுல்டன் தெருக் கட்டடங்களைப் பார்த்தாலே தெரியும். 1914-ல் ஹெல்ம் கட்டடம், 1918-ல் பேங்க் ஆஃப் இத்தாலி, 1925-ல் பசிபிக் சவுத்வெஸ்ட் கோபுரம். ஒரு விவசாய ஊருக்கு இது பெரிய மிடுக்கு. பத்திரம் எழுதுவதிலிருந்து கல்யாணத் துணி எடுப்பது வரை எல்லாவற்றுக்கும் அந்தத் தெருவுக்குத்தான் வந்தாக வேண்டும்.

முதல் அடி 1955-ல் விழுந்தது. நகர மையத்துக்கு வடக்கே சுமார் 3 மைல் தள்ளி, பிளாக்ஸ்டோன் அவென்யூவில் மான்செஸ்டர் சென்டர் என்ற வணிக வளாகம் திறந்தது. கார் நிறுத்த இடம் தாராளம், காசும் கேட்கமாட்டார்கள். ஃபுல்டன் வியாபாரிகளுக்கு வயிற்றில் புளி கரைத்தது. சும்மா இருக்கவில்லை. நகராட்சியோடு சேர்ந்து, 1950-களின் கடைசியில், அன்றைக்கு இந்த விஷயத்தில் நாட்டிலேயே பெரிய பெயராக இருந்தவரை அழைத்துவந்தார்கள்: விக்டர் க்ரூயன்.

வியன்னாவில் பிறந்து, 1938-ல் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா வந்த கட்டடக் கலைஞர் க்ரூயன். 1956-ல் மினசோட்டாவின் எடைனாவில் அமெரிக்காவின் முதல் மூடிய, குளிரூட்டப்பட்ட பேரங்காடியை வடிவமைத்தவர் இவரே. புறநகர் மால் என்ற நோயைப் பெற்றவரிடமே நகர மையத்துக்கு மருந்து கேட்டார்கள். சிரிப்பு வரலாம். ஆனால் அன்றைக்கு அந்த மனிதரைவிட இரண்டையும் அறிந்தவர் யாரும் இல்லை. மிச்சிகனின் கலமஸூ நகரத்துக்கும் அவரே திட்டம் எழுதினார். அங்கே 1959-ல் பர்டிக் தெருவின் ஒரு பகுதி நடைவீதி ஆனது.

க்ரூயன் ஃபிரெஸ்னோவுக்குக் கொடுத்த திட்டத்தில் தெருவை மூடுவது ஒரு அங்கம் மட்டும். நகர மையத்தைச் சுற்றி விரைவுச் சாலை வளையம், வளையத்தை ஒட்டிக் கார் நிறுத்தங்கள், காரை அங்கே விட்டுவிட்டு உள்ளே நடந்து வருகிற ஜனம், அவர்களுக்கு அலுவலகங்களும் வீடுகளும். இத்தனையும் சேர்ந்தால்தான் அது திட்டம். இதில் விரைவுச் சாலை வளையம் முழுமை பெறப் பல பத்தாண்டுகள் பிடித்தன. நடைவீதி மட்டும் சட்டென்று தயாராகிவிட்டது. மருந்துச் சீட்டில் இருந்த நாலு மருந்தில் கைக்குக் கிடைத்த ஒன்றை வாங்கிக்கொண்ட மாதிரி. வளையத்தின் ஒரு பகுதியாக வந்த 41-ஆம் எண் சாலை அப்புறம் செய்த வேலை இன்னும் விசேஷம். நகர மையத்துக்கு ஜனத்தைக் கொண்டுவரும் என்று நினைத்த அதே சாலை, வேலை முடிந்தவர்களை வடக்கே புதுக் குடியிருப்புகளுக்குப் பத்து நிமிஷத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஆறு பிளாக் நீளத் தோட்டம்

நடைவீதியான தெருவுக்கு ஃபுல்டன் மால் என்று பெயர். அது அழகாக இருந்தது என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. தோட்ட வடிவமைப்பாளர் காரெட் எக்போ ஆறு பிளாக் நீளத்துக்கு, அதாவது ஆறு குறுக்குத்தெரு தூரத்துக்கு, ஒரு தெருவை எடுத்து அதை ஆற்றுப்படுகை மாதிரி மாற்றினார். தரையில் போட்ட கான்கிரீட்டுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் வெளிர் பட்டைகள். பள்ளத்தாக்கில் மலைநீர் விட்டுச்செல்லும் தடங்களின் சாயல். நீரூற்றுகள், சின்ன வாய்க்கால்கள், நிழல் மரங்கள், குழந்தைகள் ஏறி விளையாட இடம், நடக்க முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளச் சிறு டிராம் வண்டி. கோடையில் 38 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டுகிற ஊரில் அந்த நிழலின் அருமை தனி.

அப்புறம் சிற்பங்கள். ஊர்க்காரர்கள் சொந்தப் பணத்தைத் திரட்டி இருபது சொச்சம் கலைப்படைப்புகளை வாங்கித் தெருவில் வைத்தார்கள். பிரெஞ்சு ஓவியர் ரெனுவாரின் துணி துவைக்கும் பெண் வெண்கலச் சிலை, பீட்டர் வோல்கோஸின் சிற்பம், கிளேர் ஃபால்கன்ஸ்டைனின் நீரூற்று, யான் டி ஸ்வார்ட்டின் கடிகாரக் கோபுரம். ரெனுவார் சிலைக்கு அருங்காட்சியகத்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். இங்கே செருப்பு வாங்க வந்தவர் போகிற வழியில் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம்.

முதல் சில வருஷங்கள் நன்றாகப் போயின. 1970-ல் இன்னும் வடக்கே ஃபேஷன் ஃபேர் என்ற மூடிய பேரங்காடி திறந்தது. ஃபிரெஸ்னோவிலேயே 1904-ல் தொடங்கி வளர்ந்த காட்ஷாக்ஸ் துணிக்கடல் அங்கேயும் ஒரு கிளை போட்டது. வியாபாரி யாரைக் குறை சொல்ல முடியும்? ஜனம் போகிற இடத்துக்குக் கடையும் போகும். 1988-ல் காட்ஷாக்ஸ் தன் தாய்க்கடையை, ஃபுல்டன் மாலில் இருந்ததை, மூடியது. கம்பெனி அதற்குப் பின்னும் 21 வருஷம் ஓடி 2009-ல்தான் திவாலாகி மறைந்தது. தெருவோடு சேர்ந்து கடை சாகவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம். கடை தெருவை விட்டுவிட்டு வேறு இடத்தில் பிழைத்தது.

வரிக் கணக்கு

நகராட்சி ஏன் தடுக்கவில்லை என்ற கேள்விக்குக் கலிஃபோர்னியாவின் வரி முறையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். சலிப்பான பகுதிதான். ஆனால் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

அங்கே ஒரு பொருள் விற்றால் கட்டும் விற்பனை வரியில் சுமார் 1 சதவீதம் விற்ற இடத்து உள்ளாட்சிக்குப் போகும். ஒரு கடை வருஷத்துக்கு 10 லட்சம் டாலருக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நகராட்சிக்கு ஏறக்குறைய 10,000 டாலர். அந்தக் கடை ஃபுல்டன் தெருவில் இருந்தாலும் அதே 10,000; ஃபேஷன் ஃபேருக்கு மாறினாலும் அதே 10,000, ஏனென்றால் ஃபேஷன் ஃபேரும் ஃபிரெஸ்னோ எல்லைக்குள்தான். ஆக நகர மையத்துக் கடை வடக்கே போவதால் நகராட்சிக் கஜானாவில் ஓட்டை விழுவதில்லை. பக்கத்து ஊரான குளோவிஸ் எல்லைக்குள் போய்விட்டால்தான் மொத்தமும் போச்சு. எனவே கவுன்சிலரின் பயம் ஃபுல்டன் தெருவில் இறங்கிய ஷட்டர் அல்ல, குளோவிஸில் ஏறப்போகும் ஷட்டர். அங்கே கட்டுவதற்குள் நம் எல்லைக்குள்ளேயே, இன்னும் வடக்கே, கட்டவிட்டுவிடுவோம் என்று அனுமதி கொடுத்தார்கள்.

1978-ல் வந்த 13-ஆம் முன்மொழிவு இதை இறுக்கியது. வாக்காளர்களே நேரடியாக ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய சட்டத் திருத்தம் அது. அடிப்படைச் சொத்துவரி மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்த மதிப்பும் வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது, சொத்து கைமாறும் வரை. அந்த 1 சதவீதத்திலும் நகராட்சிக்கு ஒரு பங்குதான். மாவட்டமும் பள்ளிகளும் மீதியை எடுத்துக்கொள்ளும். சொத்துவரியில் கை கட்டப்பட்ட நகராட்சிகள் எல்லாம் விற்பனை வரியைத் துரத்த ஆரம்பித்தன. கிடங்கு மாதிரி நிற்கும் பிரம்மாண்டக் கடைகளுக்குச் சிவப்புக் கம்பளம்.

இன்னொரு விளைவை யாரும் அதிகம் பேசுவதில்லை. 1980-ல் ஒருவர் ஃபுல்டன் மாலில் 2 லட்சம் டாலருக்குக் கட்டடம் வாங்கினார் என்று கணக்குக்கு வைப்போம். முதல் வருஷ வரி சுமார் 2,000 டாலர். வருஷம் 2 சதவீதம் முழுசாக ஏறினாலும் 35 வருஷம் கழித்து, 2015-ல், ஏறக்குறைய 4,000. மாதத்துக்கு 330 டாலர் சொச்சம். கடன் எப்போதோ அடைந்துவிட்டது. வாடகைக்கு விட வேண்டுமென்றால் கூரை பழுது பார்க்க வேண்டும், லிஃப்ட் சரிசெய்ய வேண்டும், நிலநடுக்கப் பாதுகாப்புக்குச் சுவரைப் பலப்படுத்த வேண்டும், லட்சக்கணக்கில் போகும். தரைத்தளத்தை மட்டும் குறைந்த வாடகைக்கு விட்டு, மாடிகளைப் பூட்டிவைத்து, நல்ல காலம் வரும் என்று காத்திருப்பது அவருக்குக் கட்டுப்படியாகிறது. மாடி மாடியாகக் காலி ஜன்னல்கள் தெரியும் தெருவை வெளியூர்க்காரர் பார்த்துவிட்டு “கார் இல்லாததால் செத்த தெரு” என்று சொல்லிவிட்டுப் போவார்.

கை தூக்கியவர்கள்

வடக்கே விரிந்ததில் கொள்கை மட்டும் வேலை செய்யவில்லை. 1990-களில் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை ‘ஆபரேஷன் ரீஜோன்’ என்ற பெயரில் ஃபிரெஸ்னோவிலும் குளோவிஸிலும் விசாரணை நடத்தியது. விவசாய நிலத்தைக் குடியிருப்பாகவும் வணிக நிலமாகவும் வகை மாற்ற, கட்டுமானக்காரர்களும் அவர்களுடைய தரகர்களும் கவுன்சிலர்களுக்குப் பணம் கொடுத்தது வெளியே வந்தது. பத்துப் பேருக்கு மேல் தண்டனை பெற்றார்கள். நில வகை மாறினால் அதன் விலை ஒரே ராத்திரியில் பல மடங்கு. அந்த லாபத்தின் ஒரு சிறு துண்டு போதும், ஒரு கவுன்சில் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை நகர்த்த.

ஆனால் லஞ்சம் வாங்காத கவுன்சிலரும் அதே பக்கம்தான் சாய்ந்திருப்பார் என்பதே என் வருத்தம். ஃபிரெஸ்னோ கவுன்சிலில் ஏழு வார்டுகள். நகர மையம் வருவது ஒன்றில். மற்ற ஆறு பேருடைய வாக்காளர்களுக்கு ஃபுல்டன் மால் வருஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் நீதிமன்ற வேலை இருந்தால், கண்ணில் படுகிற இடம். வீட்டுப் பக்கத்தில் புதுசாகக் கடை வந்தால் அவர்களுக்குச் சந்தோஷம். ‘நகர மையத்தைக் காப்போம்’ என்று தேர்தல் நேரத்தில் எல்லாரும் பேசுவார்கள். ஒரு வடக்குத் திட்டத்தை நிராகரித்து அதைக் காக்க ஏழில் நாலு கை வேண்டும். அந்த நாலு கை சேரவே இல்லை.

நகர மையத்துக்கென்று ஒரு கருவி இருந்தது: மறுவளர்ச்சி முகமை. ஒரு பகுதியில் வரி வருமானம் கூடினால் கூடிய தொகையை அந்தப் பகுதியிலேயே செலவழிக்கலாம். பட்ஜெட் நெருக்கடியில் மாநில அரசு கலிஃபோர்னியா முழுக்க இந்த முகமைகளைக் கலைத்தது; 2012 பிப்ரவரியில் எல்லாம் மூடப்பட்டன. ஃபுல்டன் தெரு பற்றிய கடைசிச் சண்டை சூடு பிடித்த அதே நேரம்.

மிஞ்சியவர்கள்

“ஆளே இல்லாத தெரு” என்று எழுதினார்களே தவிர, உண்மையில் அங்கே ஆள் இருந்தார்கள். பெரிய கடைகள் போன பின் வாடகை சரிந்தது. சரிந்த வாடகைக்குச் சின்ன வியாபாரிகள் வந்தார்கள், பெரும்பாலும் ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்காக. பெண் பிள்ளைகளின் பதினைந்தாவது பிறந்தநாளான கின்ஸியன்யேராவுக்கு அடுக்கடுக்காக விரியும் கவுன்கள், ஞானஸ்நான உடைகள், பூட்ஸ், செல்போன் உறைகள், மூக்குக் கண்ணாடி. ஞாயிற்றுக்கிழமை கையில் குழந்தையோடு குடும்பமாக வந்து மர நிழலில் உட்கார்ந்து, தெருவில் பிள்ளைகளை அவிழ்த்துவிட்டுச் சாவகாசமாக வாங்கிப் போனார்கள். கார் வராது என்ற நிம்மதி அவர்களுக்குப் பெரிய வசதி.

இதெல்லாம் நகர மையப் புத்துயிர்ப்பு அறிக்கைகளில் ‘வியாபாரம்’ என்று ஏறவில்லை. ஒரு சதுர அடிக்கு என்ன வாடகை, என்ன விற்பனை என்று பார்த்தால் அது தோல்விதான். அந்தத் தெருவை நம்பி எத்தனை குடும்பம் சாப்பிடுகிறது என்று பார்த்தால் வேறு கணக்கு.

இடையில் தெருவைக் கவனிப்பாரும் இல்லை. நீரூற்றுகள் ஒவ்வொன்றாக வறண்டன. தரை பிளந்தது, மின்விளக்கு எரியவில்லை. 2002-ல் தெற்கு ஓரத்தில் பேஸ்பால் மைதானம் கட்டினார்கள். ஆட்டம் முடிந்ததும் கூட்டம் காரை எடுத்துக்கொண்டு வடக்கே போய்விட்டது.

கடைசிச் சண்டை

2009-ல் மேயரான ஆஷ்லி ஸ்வேரன்ஜின் இந்தத் தெருவைத் தன் பதவிக்காலத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டார். 1997-லிருந்து ஃபிரெஸ்னோவில் மேயருக்கே நிர்வாக அதிகாரம். அதனால் அவரால் இழுத்துப் பிடித்து நடத்த முடிந்தது. அவர் தரப்பு வாதம் எளிமையானது: கடை கண்ணில் பட வேண்டும், வாசலில் வண்டி நிற்க வேண்டும். அப்போதுதான் கட்டட உரிமையாளர் முதலீடு செய்வார், மாடியில் வீடு வரும்.

அந்த வாதத்துக்குப் பக்கபலமாக நகர மைய வணிக அமைப்புக்காக 2013-ல் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்க நடைவீதிகளில் 89 சதவீதம் தோற்றுவிட்டன என்ற எண் எல்லா மேடையிலும் ஒலித்தது. தெருவைத் திறக்க விரும்பியவர்களுக்காகச் செய்த ஆய்வு என்பதை மனதில் வைத்தே படிக்க வேண்டும். ஆனாலும் அதற்குள்ளேயே சுவாரசியமான செய்தி இருக்கிறது: பிழைத்த நடைவீதிகள் பெரும்பாலும் சின்ன ஊர்களில், பல்கலைக்கழகம் போல ஜனத்தை இழுக்கும் ஏதோ ஒன்றை ஒட்டி, நீளம் குறைவாக இருந்தன.

எதிர்த்தரப்பில் ‘டவுன்டவுன் ஃபிரெஸ்னோ கோயலிஷன்’ நின்றது. மரத்தையும் கலையையும் எக்போவின் வடிவமைப்பையும் காக்க வேண்டும், கெடுத்தது நடைவீதியல்ல, பராமரிக்காத நகராட்சி என்றார்கள். 2010-ல் மால் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டுக்குத் தகுதியானது என்று முடிவாகியிருந்தது அவர்களுக்குத் தெம்பு.

2013-ல் கூட்டாட்சிப் போக்குவரத்துத் துறை டைகர் என்ற திட்டத்தில் கிட்டத்தட்ட 1 கோடியே 60 லட்சம் டாலர் கொடுக்க முன்வந்தது. மொத்தச் செலவு சுமார் 2 கோடி டாலர் என்ற நிலையில், இதுதான் திட்டமே. நகராட்சியிடம் சொந்தக் காசு இல்லை. வருகிற பணமோ சாலை போட வருகிற பணம். வறண்ட நீரூற்றைச் சரிசெய்து நடைவீதியாகவே வைத்துக்கொள்கிறோம் என்றால் அந்தப் பணம் வராது. மூன்று மாற்றுத் திட்டங்கள் மேசையில் இருந்தன என்று சொன்னார்கள். ஒன்றுக்குத்தான் காசு இருந்தது. பணத்தை 2014 செப்டம்பர் முடிவதற்குள் முறைப்படி ஒதுக்கியாக வேண்டும் என்ற கெடு வேறு. 2014 பிப்ரவரியில் கவுன்சில் 5-க்கு 2 என்று திறக்க வாக்களித்தது. கோயலிஷன் வழக்குத் தொடுத்தது. நீதிமன்றங்கள் நகராட்சி பக்கம் நின்றன. 2016 மார்ச்சில் வேலை தொடங்கியது.

அந்த ஒன்றரை வருஷம் மிஞ்சியிருந்த சின்னக் கடைகளுக்குச் சோதனை. வாசலில் வேலி, தூசி, தோண்டிய பள்ளத்தை ஒட்டிக் குறுகலான வழி. பெரிய நிறுவனம் என்றால் ஒரு வருஷ நஷ்டத்தைத் தாங்கும். மாச வாடகையை மாச விற்பனையில் கட்டுகிற கடைக்கு மூன்று மாசம் கூட்டம் குறைந்தாலே கதை முடிந்தது. திறப்பு விழாவில் பேசிய எதிர்காலம் யாருக்காக என்ற சந்தேகம் அவர்களுக்கு வந்திருந்தால் அதில் தப்பே இல்லை.

திறந்த பிறகு

சிற்பங்களைப் பழுது பார்த்து நடைபாதைகளில் மறுபடி வைத்தார்கள். மதுபானக் கூடங்கள், உணவகங்கள், சில மாடிகளில் அடுக்கு வீடுகள் வந்தன. மேம்பாடு இல்லவே இல்லை என்று சொன்னால் பொய். நகர மையத்தின் பெரிய நம்பிக்கையாக வளர்ந்தது பிட்வைஸ் என்ற தொழில்நுட்ப நிறுவனம். பழைய கட்டடங்களைப் புதுப்பித்து இளைஞர்களைக் கொண்டுவந்தது. அது 2023 மே மாதம் சுமார் 900 ஊழியர்களையும் ஒரே நாளில் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பி இடிந்து விழுந்தது. நிறுவியவர்கள் இருவரும் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைத்தண்டனை பெற்றார்கள். கார் ஓடும் தெருவும் அதைத் தாங்கிப் பிடிக்கவில்லை. அதிவேக ரயிலுக்கு 2015 ஜனவரியில் ஃபிரெஸ்னோவில்தான் அடிக்கல் நாட்டினார்கள். ரயில் இன்னும் வரவில்லை.

சரி, எங்கேதான் பிழைத்தது? இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்கிறேன். வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டனில் சர்ச் தெரு 1981-ல் நடைவீதியானது, இன்றும் ஜேஜே என்று இருக்கிறது. மேட்டில் பல்கலைக்கழகம் இருப்பதைக் காரணம் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1978-ல், பக்கத்து வில்லிஸ்டனில் வரவிருந்த பெரிய மாலுக்கு பெரிய கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தும் மாநிலத்தின் 250-ஆம் சட்டத்தின் கீழ் அனுமதி மறுத்தார்கள். அது பர்லிங்டன் நகர மையத்தைப் பாதிக்கும் என்பது காரணங்களில் ஒன்று. கொலராடோவின் போல்டரில் பேர்ல் தெரு 1977-ல் நடைவீதியானது. அந்த ஊர்க்காரர்கள் 1967-லேயே தங்கள் மேல் 0.4 சதவீத விற்பனை வரி போட்டுக்கொண்டு, ஊரைச் சுற்றியுள்ள நிலத்தை நகராட்சியே வாங்கித் திறந்தவெளியாக வைத்துக்கொள்ள வழிசெய்தார்கள். இரண்டு ஊரிலும் தெருவுக்குக் கல் பதிப்பதற்கு முன்னாலேயே யாரோ ஒருவருக்கு “இங்கே கட்ட முடியாது” என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஃபிரெஸ்னோவில் ஒருவருக்கும் அப்படிச் சொல்லவில்லை. தெருவை மூடுவதிலும் திறப்பதிலும் நிலம் வைத்திருக்கும் பெரிய கை யாருக்கும் நஷ்டமில்லை. அதனால்தான் அந்த இரண்டும் நடந்தன என்று நினைக்கிறேன். மற்றபடி ஃபுல்டனைத் திறந்தது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். 1964-ல் மூடியதும் தப்பில்லை. இரண்டு தரப்பும் அரை நூற்றாண்டு மோதிக்கொண்டது கையில் இருந்த சின்னச் சாவிக்காக.

2023-ல் மாநில அரசு ஃபிரெஸ்னோ நகர மையத்தின் குழாய்கள், கார் நிறுத்தங்கள் போன்ற அடிப்படை வேலைகளுக்கு 25 கோடி டாலர் தருவதாக அறிவித்தது. ஆயிரக்கணக்கானவர்களை அங்கே குடியமர்த்துவது இலக்கு. அதே காலத்தில் அதே கவுன்சிலின் மேசையில் இன்னொரு கோப்பும் இருந்தது: நகரத்தின் தென்கிழக்கு ஓரத்தில் சுமார் 9,000 ஏக்கரில் புதுக் குடியிருப்புகளும் கடைகளும்.